ஜப்பான் பாட்டிலில் நம்ம ஊர் நீராகாரமா? அக்கா, தங்கை, மூன்று வருடங்கள்!

டோக்கியோவின் கிழக்குப் பக்கம் நிஷி-கசாய் என்றொரு பகுதி இருக்கிறது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் இந்திய மளிகைக் கடை, தோசை கிடைக்கும் ஹோட்டல், கழுத்தில் ஐடி கார்டோடு நடந்துபோகும் நம் ஊர் முகங்கள் என்று கொஞ்சம் சென்னை வாசனை அடிக்கும். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்து, கணவரின் வேலைக்காக அங்கே குடிபோனவர் அந்த அக்கா. வயது 36. இரண்டு குழந்தைகள். வீட்டிலிருந்தபடியே ஒரு சின்ன நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறார். தங்கைக்கு வயது 27. கும்பகோணத்திலேயே அம்மாவோடு இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டதால், இங்கே அக்கா, தங்கை என்றே இருக்கட்டும்.

இருவருக்கும் நடுவில் ஒரு பாட்டில் வந்தது. அரிசியைப் புளிக்கவைத்துச் செய்த, தண்ணீர் போன்ற ஒரு லோஷன். அக்காவுக்கு அது மூன்று வருடப் பழக்கம். தங்கைக்கு அது ஒரு காலத்தில் கடைசி நம்பிக்கை. அந்த நம்பிக்கை சரிதானா என்பதில்தான் சிக்கலே ஆரம்பித்தது.

குளிரில் இழுத்த கன்னம்

டோக்கியோ குளிர்காலத்தில் பனியைவிட வறட்சிதான் படுத்தும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்றில் ஈரப்பதமே இருக்காது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும்போது இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரமும் போய்விடும். காவிரிக்கரைக் காற்றில் வளர்ந்த சருமத்துக்கு இது புதுசு. அக்காவுக்குக் கன்னம் இரண்டும் இழுத்துப் பிடித்தது. சிரித்தால் எரிந்தது. மூக்கின் ஓரத்தில் தோல் செதில் செதிலாக உரிந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் படிந்த மங்கு வேறு, வறண்ட முகத்தில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெய் கொஞ்சம் உதவியது. ஆனால், தலையணை உறையெல்லாம் எண்ணெய். மகளின் பள்ளியில் பழக்கமான ஒரு ஜப்பானியப் பெண்மணிதான் மருந்துக் கடைக்கு அழைத்துப்போய், கீழ் வரிசையில் இருந்த அரை லிட்டர் பாட்டிலைக் காட்டினார். அதன் மேல் இருந்த ஒரே ஒரு எழுத்தை மட்டும் அக்காவால் படிக்க முடிந்தது. தினமும் அரிசிப் பையில் பார்க்கிற, 'அரிசி' என்ற எழுத்து. விலை ஆயிரம் யென்னுக்குள்தான்.

அதை ஜப்பானில் 'கெஷோசுய்' என்கிறார்கள். முகம் கழுவியதும் உள்ளங்கையில் ஊற்றி, முகத்தில் ஒற்றியெடுத்து ஊறவிடுகிற தண்ணீர். அங்கே பாட்டி முதல் கல்லூரி மாணவி வரை பல் தேய்க்கிற மாதிரி தினமும் செய்கிற வேலை அது.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேசாகப் புளித்த அந்த வாசனை, காலையில் பழைய சோற்றுப் பானையைத் திறந்தால் வருமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். உடனே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார்.

அம்மா பாட்டிலை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டி, நாம கழனித் தொட்டியில மாட்டுக்கு ஊத்துனத அங்க பாட்டில்ல அடைச்சு விக்கிறானா?"

கழனித் தண்ணீரா, கோஜியா?

அம்மாவின் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அரிசித் தண்ணீரை அழகுக்குப் பயன்படுத்துவது ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. ஜப்பானில் ஹெய்யான் காலத்துப் பெண்கள், அதாவது ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்பு, அரிசி களைந்த தண்ணீரைத் தொட்டுத்தான் நீளக் கூந்தலை வாரினார்கள். அதற்கு 'யுசுரு' என்று பெயர். சீனாவின் குவாங்சி தன்னாட்சிப் பகுதியில் ஹுவாங்லுவோ என்ற கிராமத்து யாவ் இனப் பெண்கள், புளிக்கவைத்த அரிசித் தண்ணீரில் தலை அலசுவதற்குப் பேர்போனவர்கள். நம் வீடுகளிலும் வடித்த கஞ்சியில் சீயக்காய் குழைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்தவர்கள்தான் எல்லோரும்.

மீதிப் பாதி வேறு. பாட்டிலில் இருப்பது கழனித் தண்ணீரும் இல்லை, நீராகாரமும் இல்லை.

நீராகாரத்தில் நடப்பது என்ன? வெந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால், ராத்திரி முழுக்க லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலை செய்து புளிப்பை உண்டாக்குகின்றன. ஜப்பானிய முறையில் வேலை செய்வது 'கோஜி' என்ற பூஞ்சை. ஆவியில் வேகவைத்த அரிசியின்மேல் இதைத் தூவி, சூடான அறையில் இரண்டு நாள்போல வளர்ப்பார்கள். அது அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும், புரதத்தை அமினோ அமிலங்களாகவும் உடைக்கும். பிறகு தண்ணீரும் ஈஸ்டும் சேர்த்தால் 'சாக்கே' என்ற அரிசி மது தயாராகிறது. மிசோ, சோயா சாஸ் எல்லாவற்றுக்கும் இந்தக் கோஜிதான் அடிப்படை. 2006-ல் ஜப்பானின் மது வடிப்பியல் சங்கம் இதை 'தேசியப் பூஞ்சை' என்றே அறிவித்தது. கோஜியைக் கொண்டு சாக்கே வடிக்கும் பாரம்பரிய முறை, 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பிடித்தது.

சருமத்துக்கு இதில் என்ன லாபம்? நம் தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வது அமினோ அமிலம் போன்ற சின்னச் சின்னப் பொருள்களால்தான். புளித்த அரிசி வடிநீரிலும் அவை இருக்கின்றன. அதோடு சருமம் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது. சோப்பு போட்டுக் கழுவினால் அது கலையும். லேசான அமிலத்தன்மை கொண்ட லோஷன் அதற்கு ஒத்துப்போகிறது. கடைப் பாட்டில்களில் இதோடு கிளிசரின் போன்ற ஈரப்பதப் பொருள்களும் கெட்டுப்போகாமல் காக்கும் பொருள்களும் சேர்ந்திருக்கும். நுண்ணுயிர்களை வடிகட்டி நீக்கிவிட்டுத்தான் அடைக்கிறார்கள்.

மூன்று பாட்டில், மூன்று கதை

'புளித்த அரிசி' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் விற்பனையாகின்றன என்பது அக்காவுக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

ஒன்று, சாக்கே ஆலைகளே விற்கிற லோஷன். கோபே நகரில் 1659-ல் தொடங்கிய கிகு-மசமுனே என்ற சாக்கே நிறுவனம்கூட அரை லிட்டர் பாட்டிலில் சாக்கே லோஷன் விற்கிறது.

இரண்டாவது, எஸ்கே-டூ போன்ற விலை உயர்ந்த ரகம். 1980-ல் வந்த இந்த பிராண்டு சொல்லும் கதை பிரபலம். சாக்கே ஆலையில் வேலை பார்த்த வயதான தொழிலாளிகளுக்கு முகமெல்லாம் சுருக்கம், கைகள் மட்டும் மிருதுவாக இருந்தன, அதைப் பார்த்துத்தான் ஆராய்ச்சி தொடங்கியது என்பது அந்தக் கதை. அதில் இருப்பது 'கேலக்டோமைசிஸ்' என்ற ஈஸ்ட் வகையைப் புளிக்கவைத்து வடித்த நீர். 230 மில்லி பாட்டில் இருபதாயிரம் யென்னைத் தாண்டும்.

மூன்றாவது, 'ரைஸ் பவர் நம்பர் 11' என்ற அரிசிச் சாறு. ஷிகோகு தீவின் ககாவா பகுதியைச் சேர்ந்த ஒரு சாக்கே ஆலை உருவாக்கியது. சருமம் ஈரத்தைத் தக்கவைக்கும் திறனை மேம்படுத்துகிறது என்று 2001-ல் ஜப்பான் சுகாதாரத் துறையின் அங்கீகாரம் பெற்றது.

இவை தவிர கோஜிக் அமிலம் என்று தனியாக ஒன்று உண்டு. 1907-ல் ஜப்பானிய ஆய்வாளர் சைட்டோ கோஜிப் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தது. தோலில் கருமை நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்சைம் வேலை செய்யத் தாமிரம் வேண்டும். கோஜிக் அமிலம் அந்தத் தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதனால்தான் மங்குக்கான க்ரீம்களில் சேர்க்கிறார்கள். ஆனால், அது அளவு பார்த்துச் சேர்க்க வேண்டிய பொருள். முகத்துக்கும் கைக்குமான பொருள்களில் ஒரு சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்கிறது ஐரோப்பிய விதி. சாதாரண அரிசி லோஷனைப் பூசினால் கோஜிக் அமிலத்தின் பலன் கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு.

கணக்கு எழுதுகிறவரின் பாட்டில்

அக்காவுக்கு ஒரு பழக்கம். புது பாட்டிலைத் திறந்ததும் அதன் அடியில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவிடுவார். ஒரு பாட்டில் குளிர்காலத்தில் இரண்டு மாதம் வரும். வெயில் காலத்தில் மூன்று மாதத்தையும் தாண்டும். காரணம், டோக்கியோவில் ஜூலை, ஆகஸ்ட் நம் ஊரைவிடப் புழுக்கம். அப்போது ஒரு முறை ஒற்றினாலே போதும்.

அவருடைய வழக்கம் ரொம்ப எளிமையானது. ராத்திரி மிதமான ஃபேஸ்வாஷ். முகம் ஈரமாக இருக்கும்போதே உள்ளங்கை நிறைய லோஷன், ஒற்றி ஒற்றி மூன்று முறை. அது காய்வதற்குள் மேலே ஒரு மாய்ஸ்சரைசர். காலையில் வெறும் தண்ணீரில் முகம் கழுவி, ஒரு முறை லோஷன், பிறகு சன்ஸ்கிரீன். மொத்தமே ஐந்து நிமிடம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாள்களில் அதுவும் கிடையாது.

முதல் பத்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாதம் ஆனபோது, முகம் கழுவியதும் வரும் இழுப்பு குறைந்தது. தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இளம் வயதில் ஏறத்தாழ 28 நாள்கள் ஆகும். வயது ஏற ஏற இன்னும் கூடுதலாகும். அதனால், எதையும் இரண்டு மூன்று மாதம் பார்க்காமல் தீர்ப்பு எழுத முடியாது. இரண்டாவது குளிர்காலத்தில் மூக்கின் ஓரம் உரியவே இல்லை என்பதை அக்கா கவனித்தார். மகன் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, "அம்மா, இப்ப சொரசொரன்னு இல்ல" என்றானாம்.

மங்கு? அது இம்மியும் நகரவில்லை. ஒரு வருடம் கழித்து, ஜன்னலோரம் ஒரே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு போட்டோக்களை வைத்துப் பார்த்தபோது, சருமம் மிருதுவாகியிருந்தது. மங்கு அதே இடத்தில் அதே அளவில் இருந்தது. சரும மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சன்ஸ்கிரீன் எவ்வளவு பூசுகிறீர்கள்?" அக்கா பூசியது பட்டாணி அளவு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். அதோடு, மங்கு வெயிலின் புற ஊதாக் கதிரால் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தாலும் கூடும். அதனால் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, சரும நிறத்திலான சன்ஸ்கிரீனை அவர் எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் மங்கு மெல்ல வெளிறத் தொடங்கியது.

"லோஷன் செஞ்சது ஈரம். மங்கைக் குறைச்சது சன்ஸ்கிரீன். ரெண்டையும் ஒரே கணக்குல எழுதக் கூடாது" என்பது அக்காவின் வாக்கு.

கும்பகோணத்தில் ஒரு ட்யூப்

அக்காவின் கணக்கு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, தங்கைக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தை பிறந்ததும் ஜாதகம் கைமாறியது. வந்து பார்த்த ஒரு வீட்டார், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, கொஞ்சம் கலர் மட்டும்…" என்று இழுத்துவிட்டுப் போனார்கள். அந்த வாரமே உறவுக்காரப் பெண் ஒருவர் சொல்ல, தங்கை மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் வாங்கினார். மருந்துச்சீட்டு யாரும் கேட்கவில்லை.

இரண்டே வாரத்தில் முகம் பளபளத்தது. அம்மாவுக்கு மகிழ்ச்சி. பக்கத்து வீட்டு அத்தை, "என்ன போடுற, எனக்கும் சொல்லேன்" என்றார். ட்யூப் தீரத் தீர வாங்கினார். ஐந்து மாதம் ஓடியது.

பிறகு ஒரு வாரம் பூச மறந்தபோதுதான் தெரிந்தது. முகம் தீப்பிடித்த மாதிரி சிவந்தது. கன்னம் முழுக்கப் பொடிப் பொடியாகப் பருக்கள். வெயிலில் இறங்கினால் ஊசி குத்துவது போல எரிச்சல். திரும்பவும் பூசினால் அடங்கியது, விட்டால் இன்னும் மோசமானது. தாடை ஓரத்தில் மெல்லிய முடிகூட வளர்ந்தது. வீடியோ காலில் அக்காவிடம் பேசும்போது ஃபில்டர் போட்டு மறைத்தார். அக்காவும், பெண்ணுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்.

அந்த ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஹைட்ரோகுயினோன், ட்ரெடினோயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த இந்த வகை, மங்குக்கு மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் மட்டும் பூசுகிற மருந்து. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் விரியும், தோல் அந்த மருந்துக்கு அடிமையாகிவிடும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை, மருந்துச்சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. ஆனாலும், 'சிவப்பழகு க்ரீம்' என்று வாய்வழியாகவே அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ஆடி மாதம் ஒரு ராத்திரி தங்கையிடமிருந்து மெசேஜ் வந்தது. "அக்கா, லீவுக்கு வரும்போது அந்த ஜப்பான் தண்ணி நாலு பாட்டில் வாங்கிட்டு வா. ப்ளீஸ். ஏன்னு கேக்காத."

பாட்டிலைத் திறக்காத அக்கா

ஆகஸ்ட்டில் குழந்தைகளின் கோடை விடுமுறைக்கு அக்கா ஊருக்கு வந்தார். பெட்டியில் நான்கு பாட்டில்கள். வாசலில் தங்கை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். துப்பட்டாவை விலக்கியதும் அக்காவுக்குப் பேச்சு வரவில்லை.

அதற்குள் தங்கை இன்னொன்றும் செய்திருந்தார். அக்கா வரும்வரை காத்திருக்க முடியாமல், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் ஒன்றைப் பார்த்து, அரிசி களைந்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி மூன்று நாள் சமையலறை மேடையில் வைத்துப் புளிக்கவைத்து, ராத்திரி முகத்தில் பூசித் தூங்கியிருக்கிறார். காலையில் கன்னம் வீங்கியிருந்தது.

வீட்டில் புளிக்கவைப்பதில் என்ன தப்பு? குடிக்கிற நீராகாரத்தை மறுநாள் காலையிலேயே தீர்த்துவிடுகிறோம். முகத்துக்கான தண்ணீரை நாள்கணக்கில் வைத்திருக்கிறோம். வெளியே வெப்பம் 35 டிகிரி. எந்த பாக்டீரியா, எந்தப் பூஞ்சை வளர்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், வேகவைத்தால்கூடச் சாகாமல் தப்பிக்கும். புளிப்பும் நாளுக்கு நாள் ஏறும். நல்ல தோல் கொஞ்சம் தாங்கும். ஸ்டீராய்டால் மெலிந்த தோல் எப்படித் தாங்கும்?

"அதான் நல்ல தண்ணி வந்துடுச்சே, குடுக்கா" என்று தங்கை கை நீட்டினார்.

அக்கா கொடுக்கவில்லை. அது வீட்டில் பெரிய சண்டையானது. "உனக்கு மட்டும் முகம் நல்லா இருக்கணும், இல்ல?" என்று தங்கை கேட்டுவிட்டார். அம்மாவும், "ஆசையா கேக்குறா, தடவித்தான் பாக்கட்டுமே" என்றார். அடுத்த வாரம் ஒரு வரன் வீட்டார் வருவதாக இருந்தது. எல்லோருடைய கண்ணும் அந்த நான்கு பாட்டில்கள் மேல்தான்.

மறுநாள் காலையில் அக்கா, தங்கையைத் தஞ்சாவூரில் ஒரு சரும மருத்துவரிடம் அழைத்துப்போனார். பாட்டிலையும் பையில் எடுத்துக்கொண்டார், மருத்துவரே சொல்லட்டும் என்று. அந்த அம்மா டாக்டர் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இது கெட்டதுன்னு சொல்லல. உங்க அக்கா தோலுக்கு நல்லதாவே இருக்கலாம். உங்க தோல் இப்ப புண்ணும்மா. புண்ணு மேல தண்ணி தெளிச்சாலே எரியும்."

ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தாமல், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று எழுதிக்கொடுத்தார். சில மாத்திரைகள், வாசனையில்லாத ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன். வேறு எதுவும் கூடாது. மஞ்சள், கடலை மாவு, கற்றாழை, அரிசித் தண்ணீர் எதுவுமே கூடாது. "முதல்ல இன்னும் மோசமாகும். பயந்து திரும்ப ட்யூப்பை எடுத்துடாதீங்க. மாசக்கணக்குல ஆகும்" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கைதான் முதலில் பேசினார். "அவங்கள வரச்சொல்ல வேணாம்மா. முகத்துக்கு மருந்து சாப்பிடுறேன், ஆறு மாசம் ஆகும்னு சொல்லிடுங்க. முடியாதுன்னா விட்ருங்க." அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்த வரன் வீட்டார் அப்புறம் கூப்பிடவே இல்லை.

ஒன்பது மாதங்கள்

டாக்டர் சொன்னபடியே முதல் மாதம் கொடுமையாக இருந்தது. தங்கை வேலை பார்க்கும் அலுவலகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டே உட்கார்ந்தார். தினமும் ராத்திரி, ஃபில்டர் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்பது இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம். அக்கா ஒரு வார்த்தை எழுத மாட்டார். தேதியைப் போட்டுச் சேமித்துவைப்பார். "ஒண்ணுமே மாறல" என்று தங்கை அழுத ஒரு நாளில், நாற்பதாவது நாள் போட்டோவையும் தொண்ணூறாவது நாள் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினார். அதற்குப் பிறகு தங்கை மருந்தை ஒரு நாளும் தவறவிடவில்லை.

சித்திரை முடிவதற்குள் பருக்கள் அடங்கிவிட்டன. எரிச்சல் போய்விட்டது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு மட்டும் இன்னும் இருக்கிறது, வெயிலில் போனால் கூடும். நிறம், பழைய நிறமேதான்.

இப்போது பூசலாம் என்று டாக்டர் அனுமதித்த பிறகு, தங்கை காதுக்குப் பின்னால் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு, அக்காவின் லோஷனைப் பயன்படுத்திப் பார்த்தார். ஒத்துக்கொண்டது. ஆனால், கும்பகோணத்துக் காற்றில் அவருக்கு அது தேவைப்படவே இல்லை. ஈரம் ஏற்கெனவே இருக்கிறது. சாதாரண மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

மீதி பாட்டில்கள்? அம்மா எடுத்துக்கொண்டார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வறண்ட கைக்கும், பித்தவெடிப்பு விழுந்த குதிகாலுக்கும் ராத்திரி தடவிவிட்டு, மேலே தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்கிறார். "மாட்டுக்கு ஊத்துனதுல இம்புட்டு இருக்கா!" என்று இப்போதும் ஆச்சர்யம்.

'வெள்ளை' என்ற சொல்

அக்காவின் மகளுக்குப் பத்து வயது. அம்மாவைவிடக் கொஞ்சம் கறுப்பு. ஒரு நாள் குளியலறையில் லோஷனை எடுத்து முகத்திலும் கையிலும் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இது போட்டா யூகி மாதிரி ஆகலாமாம்மா?" என்று கேட்டாள். யூகி அவளுடைய வகுப்புத் தோழி.

ஜப்பானிய அழகுப் பொருள்களில் 'பிஹாகு' என்ற சொல் நிறைய இருக்கும். 'அழகு', 'வெள்ளை' என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்தது. மங்கு, கரும்புள்ளி வராமல் தடுப்பது என்ற பொருளில் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், படிக்கிற பிள்ளைக்கு 'வெள்ளைதான் அழகு' என்றுதான் புரியும். காவ் என்ற பெரிய ஜப்பானிய நிறுவனம், 2021-ல் அந்தச் சொல்லைத் தன் பொருள்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய வருடம்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரில் இருந்த 'ஃபேர்'-ஐ எடுத்தது. பெயர்ப் பலகை மாறுகிறது. "கொஞ்சம் கலர் மட்டும்…" என்று இழுப்பவர்கள் மாற இன்னும் நாளாகும்.

அக்கா மகளைத் திட்டவில்லை. சித்தியின் போட்டோக்களை வரிசையாகக் காட்டினார், முதல் நாளிலிருந்து. "சித்தி முகம் ஏன் இப்படி ஆச்சு தெரியுமா?" என்று தொடங்கி முழுக்கச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு மகள், "அப்ப இது எதுக்கு?" என்றாள்.

"குளிர்ல தோல் வெடிக்காம இருக்கிறதுக்கு. அவ்ளோதான்."

தொடர்ந்து பயன்படுத்த நினைப்பவர்களுக்கு

* முதலில் உங்கள் பிரச்னை என்ன என்று பாருங்கள். வறட்சிக்குத்தான் இது கை கொடுக்கும். மங்கு, தழும்பு, பருவுக்கு மருத்துவரைப் பாருங்கள்.

* பாட்டிலின் பின்புறம் படியுங்கள். ஒரு சதவிகிதத்துக்கு மேல் இருக்கும் பொருள்கள், அளவு அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் இருக்கும். அரிசி வடிநீர் பட்டியலின் கடைசியில் இருந்தால், முன்னால் இருக்கும் படத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

* காதுக்குப் பின்னாலோ, முழங்கையின் உள்பக்கமோ ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு வந்தால் விட்டுவிடுங்கள்.

* ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடிவு.

* மேலே மாய்ஸ்சரைசர் கட்டாயம். வெறும் லோஷன் காய்ந்தால் வறட்சி திரும்பிவிடும்.

* பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் எந்த லோஷனுக்கும் அர்த்தமில்லை.

* வீட்டில் நாள்கணக்கில் புளிக்கவைத்ததை முகத்தில் வைக்க வேண்டாம். புண், எக்ஸிமா, ஸ்டீராய்டு பாதிப்பு இருந்தால் அறவே கூடாது.

* மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கிய ஃபேர்னஸ் ட்யூப் ஏதாவது மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால், நீங்களாக நிறுத்தாமல் அந்த ட்யூப்பையே எடுத்துக்கொண்டு சரும மருத்துவரிடம் போங்கள்.

இந்தத் தையில் தங்கைக்கு மறுபடி வரன் பார்க்கிறார்கள். ஜாதகத்தோடு அனுப்ப இந்த முறை அவரே ஒரு போட்டோவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார். மொட்டை மாடியில், காலை வெளிச்சத்தில், அம்மா எடுத்தது. கன்னத்துச் சிவப்பு அதில் நன்றாகவே தெரிகிறது.